பட்டன் தட்டுறவரா, பாட்டு வாசிக்கிறவரா?

இந்த வாரம் நம்ம 'காது கொடுங்க பாஸ்' பக்கத்துல ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன். ஆலமரம், சொம்பு ரேஞ்ச் பஞ்சாயத்து இல்லை... ஜெர்மனியில கோர்ட் வரைக்கும் போய், நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதின பஞ்சாயத்து. கேள்வி ரொம்ப சிம்பிள். டி.ஜே.ன்னு மேடையில நிக்கிறவர் யாரு? அடுத்தவங்க போட்ட பாட்டை ஓடவிட்டுட்டு சம்பளம் வாங்குறவரா? இல்லை, நிஜமாவே இசை வாசிக்கிறவரா?

இந்தக் கேள்வி உங்க செட்லயும் வந்திருக்கும். கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு ஹாஸ்டலுக்கு நடந்து வர்றப்ப, "ப்ளே பட்டனைத் தட்ட ஒரு ஆளு, அவருக்கு ஒரு ஹெட்போன், ராத்திரியில கூலிங் கிளாஸ் வேற! லேப்டாப்பைக் குடு மச்சி, நானும்தான் டி.ஜே."ன்னு ஒரு குரல் கேட்டே தீரும். குத்துப்பாட்டுல இருந்து குத்துப்பாட்டுக்குத் தாவுற நைட்டுன்னா, அந்தக் குரலுக்குப் பதில் சொல்றது கொஞ்சம் கஷ்டம்தான். ஏன்னா, பாதி வேலையைப் பாட்டே பார்த்துடும்.

அதனால நாம வேற மாதிரி ஒரு ராத்திரியை எடுத்துக்குவோம். பாட்டு உதவிக்கு வராத ராத்திரி. பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, எல்லாரும் சேர்ந்து கத்துற இடம் கிடையாது. பெர்லின்ல ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஓடுற டீப் ஹவுஸ், மினிமல் செட்! மூணு மணி நேரம், நாலு மணி நேரம், ஒரே 'டும்... டும்... டும்... டும்'. மேலோட்டமா கேட்டா ஒண்ணுமே நடக்கலை. டி.ஜே. ஏதாவது பண்றாரா, சும்மா நிக்கிறாரான்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல லேப் கிடையாது!

மூடுற நேரமே இல்லாத ஊர்

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். பெர்லின்ல 'பெர்க்ஹைன்'னு ஒரு க்ளப். 2004-ல திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அது கிழக்கு ஜெர்மனி காலத்து மின்நிலையம். பெரிய ஹாலோட கூரை 18 மீட்டர் உயரம். அதாவது, உள்ளே ஒரு ஆறு மாடி ஃப்ளாட்டை அப்படியே தூக்கி வைக்கலாம். அந்த ஹால்ல டெக்னோ. அதுக்கு மேல 'பனோரமா பார்'னு இன்னொரு தளம். அங்கேதான் நம்ம ஹவுஸ் இசை. வாசல்லயே உங்க மொபைல் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. ஃபோட்டோ, வீடியோ... மூச்! சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்ச ஆட்டம் திங்கட்கிழமை காலை வரைக்கும் போகும்.

'போலீஸ் வந்து மூடச் சொல்ல மாட்டாங்களா?'ன்னு கேட்கிறீங்க. மாட்டாங்க. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பெர்லினை நாலு நாட்டு ராணுவம் பங்கு போட்டு வெச்சிருந்தது. ராத்திரி இத்தனை மணிக்கு மேல கடை திறந்திருக்கக் கூடாதுன்னு ஒரு விதி. ஹைன்ஸ் செல்லர்மையர்ங்கிற ஹோட்டல்காரர் 1949-ல அமெரிக்கத் தளபதியைப் பார்த்துப் பேசி, மேற்கு பெர்லின்ல அந்த விதியையே தூக்க வெச்சுட்டார். அன்னிக்குப் போன மூடுற நேரம் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பி வரவே இல்லை.

அடுத்து 1989. பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பக்கம் பூட்டிக் கிடந்த ஃபேக்டரி, கிடங்கு, நிலவறைன்னு காலி இடங்கள் ஏராளம். யாருக்குச் சொந்தம்னே பல இடங்களுக்குத் தெரியலை. இளைஞர்கள் ஸ்பீக்கரைத் தூக்கிட்டு உள்ளே போனாங்க. 1991-ல 'டிரெசோர்'ங்கிற க்ளப் திறந்ததே, ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு அடியில இருந்த பெட்டக அறையிலதான். துருப்பிடிச்ச லாக்கர்கள் சுவர்ல அப்படியே இருக்க, நடுவுல டான்ஸ்!

இந்த ரெண்டு கதையையும் ஏன் சொல்றேன்? ஒண்ணு நேரம் கொடுத்தது. இன்னொண்ணு இடம் கொடுத்தது. நேரமும் இடமும் இல்லைன்னா நான் சொல்லப்போற இசை பொழைக்காது. எப்படின்னு பாருங்க.

22,320 அடி... ஒண்ணும் தவறக்கூடாது

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் அளவுக்குப் போக மாட்டேன்.

டீப் ஹவுஸோட வேகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 118-ல இருந்து 125 அடி. இதைத்தான் பி.பி.எம்.னு சொல்றாங்க. 124-னு வெச்சுக்கிட்டா, மூணு மணி நேர செட்ல மொத்தம் 22,320 அடி. ஒரு ட்ராக் ஆறேழு நிமிஷம் ஓடும். அப்போ ஒரு செட்டுக்குச் சுமார் முப்பது ட்ராக். ஒண்ணை நிறுத்திட்டு அடுத்ததைப் போட்டா ஆடுறவங்க கால் நின்னுடும். அதனால, முதல் ட்ராக் ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டாவதை அதுக்கு மேல ஏத்தணும்.

இங்கேதான் சிக்கல். முதல் ட்ராக் 122, ரெண்டாவது 124-னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டா, ஒரே நிமிஷத்துல ரெண்டு அடி விலகிடும். கேட்கிறதுக்கு, மாடிப்படியில குடம் உருண்டு வர்ற மாதிரி இருக்கும்!

இதுக்கு மருந்து ஒரு ஜப்பான் மெஷின்ல வந்தது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200. 1972-ல வந்த டர்ன்டேபிள். பழைய ரெக்கார்டு ப்ளேயர்கள் நிறைய பெல்ட்ல சுத்தும். தட்டைக் கையால பிடிச்சு நிறுத்தினா, விட்டதும் இழுத்து இழுத்துத்தான் வேகம் எடுக்கும். இதுல மோட்டாரே நேரா தட்டைச் சுத்தும். விட்ட உடனே ஒழுங்கான வேகத்துக்கு வந்துடும். 1979-ல வந்த இதோட 'எம்.கே.2' மாடல்ல, வேகத்தை 8 சதவீதம் ஏத்தவும் இறக்கவும் ஒரு நீளமான ஸ்லைடர் வெச்சாங்க. நம்ம 122-ஐ 124 ஆக்க 1.64 சதவீதம் போதும். அதாவது, ஸ்லைடரை ஒரு நூல் நகர்த்தணும். எந்த அளவுன்னு கண்ணுக்குத் தெரியாது, காதுதான் சொல்லணும். டி.ஜே. ஹெட்போனை ஒரு காதுல மட்டும் வெச்சிருக்கிறது ஸ்டைலுக்கு இல்லை சாமி. ஒரு காதுல அடுத்து வரப்போற ட்ராக், இன்னொரு காதுல இப்போ ஹால்ல ஓடுற ட்ராக். ரெண்டையும் மண்டைக்குள்ள சேர்த்துப் பார்த்துட்டுத்தான் வெளியே விடுவார்.

"இப்பதான் சிங்க் பட்டன் இருக்கே, மெஷினே வேகத்தைச் சேர்த்துடுமே!"ன்னு கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல் வருது. கரெக்ட். சேர்த்துடும். ஆனா வேகத்தைச் சேர்க்கிறது எல்.கே.ஜி. பாடம்தான். மேல படிப்பு இனிமேதான் இருக்கு.

ரெண்டு ட்ராக்லயும் பேஸ் இருக்கும். ஒண்ணோட அடிநாதம் 50 ஹெர்ட்ஸ், இன்னொண்ணோடது 53 ஹெர்ட்ஸ்னு வைங்க. ரெண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டா, வித்தியாசமான அந்த 3 ஹெர்ட்ஸ் தனியா தலை தூக்கும். செகண்டுக்கு மூணு தடவை சத்தம் பெருத்துச் சிறுத்து, 'வொவ் வொவ்'னு ஆடும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல விம்மல்னு படிச்சோமே, அதேதான்! அதனால டி.ஜே. என்ன பண்ணுவார்? உள்ளே வர்ற ட்ராக்கோட பேஸ் குமிழை முழுசா இறக்கி வெச்சுட்டு, அதோட 'சிக் சிக்' சத்தத்தை மட்டும் மெதுவா உள்ளே விடுவார். இந்த இசை பெரும்பாலும் 32 அடிகளுக்கு ஒரு தடவை புதுசா மூச்சு எடுக்கும். 124 வேகத்துல அது 15 செகண்டுக்குக் கொஞ்சம் மேல. அந்த மூச்சு விடுற இடம் பார்த்து, பழைய ட்ராக்கோட பேஸை இறக்கி, புதுசோட பேஸை ஏத்துவார். ஆடுறவங்களுக்குத் தரை மாறினது தெரியாது. ஆனா, ஏதோ மாறினது வயித்துக்குத் தெரியும்!

ரெண்டு ட்ராக்கும் இப்படி ரெண்டு மூணு நிமிஷம் சேர்ந்தே ஓடும். இந்த இடத்தை நல்லா கவனிங்க. அப்போ உங்க காதுல விழறது முதல் பாட்டும் இல்லை, ரெண்டாவது பாட்டும் இல்லை. மூணாவது ஒண்ணு. அதை யாரும் எந்த ஸ்டுடியோவுலயும் ரெக்கார்டு பண்ணலை. இந்த ராத்திரி, இந்த ரூம்ல, இவர் கையில மட்டும் பிறந்து, ரெண்டே நிமிஷத்துல காணாமப் போயிடும்.

வீடு இல்லாதவங்களுக்குக் கிடைச்ச ஹவுஸ்

இந்த இசை பெர்லின்ல பிறக்கலை. அமெரிக்காவுல, சிகாகோவுல பிறந்தது. யாருக்காகப் பிறந்ததுங்கிறதுதான் முக்கியம்.

1977. ஃப்ராங்கி நக்கிள்ஸ்ங்கிற நியூயார்க் பையன், சிகாகோவுல 'தி வேர்ஹவுஸ்'ங்கிற க்ளப்புக்கு டி.ஜே.யா வந்து சேர்ந்தார். வயசு 22. அங்கே ஆட வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், அதுலயும் தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க. வெளியே தெருவுல, வேலை பார்க்கிற இடத்துல, சில பேருக்குச் சொந்த வீட்டுலகூட அவங்க அவங்களா இருக்க முடியாத காலம். சனிக்கிழமை ராத்திரி அந்தக் கதவுக்கு உள்ளே மட்டும் முடியும். 'வேர்ஹவுஸ்'ல ஓடுற இசைங்கிறதுதான் சுருங்கி 'ஹவுஸ்' ஆச்சுன்னு சொல்வாங்க. வீட்டுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா, அங்கே வந்தவங்களுக்கு அதுதான் வீடு.

அவங்களைச் சுத்தி ஊர் எப்படி இருந்ததுன்னு தெரியணும்னா, 1979 ஜூலை 12-ஐப் பாருங்க. அதே சிகாகோவுல, கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோ ரெக்கார்டு ஒண்ணைக் கொண்டு வந்தா 98 சென்ட்டுக்கு டிக்கெட்னு அறிவிப்பு. ரெண்டு மேட்ச்சுக்கு நடுவுல, சேர்ந்த ரெக்கார்டுகளை மைதானத்துக்கு நடுவுல வெச்சு வெடிக்க வெச்சாங்க. கூட்டம் மைதானத்துக்குள்ள பாய்ஞ்சு, ரெண்டாவது மேட்ச்சே நடக்கலை. 'பிடிக்காத பாட்டைக் கிண்டல் பண்ணினோம்'னு நடத்தினவங்க சொன்னாங்க. ஆனா, டிஸ்கோவை வளர்த்தது கறுப்பினத்தவரும் தன்பாலின ஈர்ப்பாளர்களும்தான். வெடிச்சது யாரோட பாட்டுன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?

டிஸ்கோ செத்துப்போச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. நக்கிள்ஸ் அதை எழுத்தா எடுத்துக்கலை. பழைய டிஸ்கோ ட்ராக்குகளை டேப்ல வெட்டி ஒட்டி, பிடிச்ச இடத்தை நீட்டி, கீழே அடியை அழுத்தமாக்கி ஓடவிட்டார். அப்புறம் ஊர்ப் பசங்க அவங்களே மெஷின் வாங்கி இசை செய்ய ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தர் லாரி ஹர்ட். அடிப்படையில டிரம்மர். ஒரு ரோலண்ட் சின்தசைசர், ஒரு டிரம் மெஷின். இவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா. 1986-ல வெளியான அவரோட 'கேன் யூ ஃபீல் இட்', டீப் ஹவுஸுக்கே அடிக்கல்லுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. அவசரமே இல்லாத பேஸ், மேல மேகம் மாதிரி நகர்ற கார்டுகள். ஆட்டம் போடணும், அதே நேரம் கண்ணு லேசா கலங்கணும். அதான் டீப்!

ஆனா பணம்? தன்னோட ஆரம்பகாலப் பாட்டுகளுக்கு ராயல்டி சரியா வரலைன்னு ரெக்கார்டு கம்பெனி மேல ஹர்ட் 2020-ல வழக்குப் போட்டார். 2022-ல சமரசம் ஆகி, பாட்டுகளோட உரிமை அவர்கிட்ட திரும்பி வந்தது. நடுவுல ஓடினது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல. உலகமே ஆடின பாட்டு!

குறைக்கக் குறைக்க...

சிகாகோவுல இருந்து சில மணி நேர டிரைவ்ல டெட்ராய்ட். கார் ஃபேக்டரிகளோட ஊர், டெக்னோ பிறந்த ஊர். 1994-ல அங்கே ராபர்ட் ஹூட்ங்கிறவர் 'மினிமல் நேஷன்'னு ஒரு ரெக்கார்டு போட்டார். டெக்னோவுல இருந்து எதையெல்லாம் எடுத்துட முடியுமோ, எல்லாத்தையும் எடுத்துட்டார். மிச்சம் இருந்தது எலும்பு மட்டும். அதுவும் ஆடுச்சு! அதே சமயம் பெர்லின்ல 'ஹார்ட் வாக்ஸ்' ரெக்கார்டு கடையை நடத்தின மார்க் எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் சேர்ந்து 'பேசிக் சேனல்'ங்கிற பேர்ல 1993-ல இருந்து இதே வேலையை வேற மாதிரி பண்ணினாங்க. ஒரே ஒரு கார்டை எடுத்து எதிரொலியில ஊறப் போட்டாங்க.

இந்த வழியில ரொம்ப தூரம் போனவர் ரிக்கார்டோ வில்லலோபோஸ். சிலியில பிறந்தவர். 1973 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் குடும்பத்தோட ஜெர்மனிக்கு வந்து வளர்ந்தவர். 2006-ல அவர் வெளியிட்ட ஒரு ட்ராக்கோட நீளம் 37 நிமிஷம். நம்ம சினிமா பாட்டுல ஏழெட்டு உள்ளே அடங்கும்!

'இவ்வளவு நேரம் ஒரே அடியை யார் கேட்பாங்க?' நியாயமான கேள்வி. பதில் உங்க ஹாஸ்டல் ரூம்லயே இருக்கு. ராத்திரி ஃபேன் கடகடன்னு ஓடுது. பத்து நிமிஷத்துல உங்க காது அதை மறந்துடும். ஆனா கரண்ட் போய் ஃபேன் நிக்கட்டும், தூக்கத்துலகூட டக்குன்னு முழிச்சுப்பீங்க. மாறாத சத்தத்தைக் காது தள்ளி வெச்சுடும். அதுல ஒரு சின்ன மாற்றம் வந்தா மட்டும் பாய்ஞ்சு பிடிக்கும். மினிமல் இசையோட மொத்த மூலதனமும் அந்தப் பழக்கம்தான். இருபது நிமிஷம் ஒரே அடியில உங்களை ஊற வெச்சுட்டு, டி.ஜே. பேஸை நாலே நாலு அடிக்கு மட்டும் எடுப்பார். ஆயிரம் பேர் மூச்சு ஒண்ணா நிக்கும். திரும்பி வந்ததும் ஹால் முழுக்க ஒரு சிரிப்பு. வேற எந்த இசையில வெறும் நாலு அடி மௌனம் இந்த வேலையைச் செய்யும், சொல்லுங்க?

இப்போ டி.ஜே.யோட நிஜமான வேலை புரியுதா? கைக்குள்ள ஆயிரம் ட்ராக் இருக்கு. ரெண்டரை மணிக்கே பெரிய ஹிட்டைப் போட்டா கூட்டம் குதிக்கும். ஆனா அதுக்கு மேல ஏற இடம் இருக்காது. ஆசையை அடக்கிட்டு, தரையில கால்கள் எப்படி நகருதுன்னு பார்த்து, பாருக்குப் போறவங்க எத்தனை பேர், திரும்பி வர்றவங்க எத்தனை பேர்னு பார்த்து, அடுத்து என்ன வேண்டாம்னு முடிவு பண்ணணும். ப்ளே பட்டனைத் தட்டுறது ஈஸி. தட்டாம இருக்கிறதுதான் படிப்பு.

பனோரமா பார்ல விடிஞ்ச பிறகு ஒண்ணு நடக்கும். ஜன்னல்களை மூடியிருக்கிற தட்டிகள், இசையோட ஒரு குறிப்பிட்ட இடத்துல சட்டுனு ஒரு நிமிஷம் திறக்கும். ராத்திரி முழுக்க இருட்டுல ஆடினவங்க முகத்துல பளீர்னு காலை வெயில். கூட்டம் கத்துற கத்துல கூரை அதிரும். சூரியன் தினமும் வர்றதுதான். ஆனா அந்த வெளிச்சம் அப்படி விழணும்னா, அதுக்கு முன்னாடி பல மணி நேர இருட்டு வேணும். ஒரு மணி நேர ஸ்லாட்ல அது நடக்காது.

தீர்ப்பு என்னாச்சு?

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். ஜெர்மனியில கச்சேரி டிக்கெட்டுக்கு வரி 7 சதவீதம். வெறும் பொழுதுபோக்குன்னா 19 சதவீதம். பெர்க்ஹைன் நுழைவுச்சீட்டு எதுல சேர்த்தி? 'இது பார்ட்டி. 19 கட்டு'ன்னது வரித்துறை. 'மக்கள் வர்றதே டி.ஜே.க்கள் வாசிக்கிறதைக் கேட்கத்தான், இது கச்சேரி'ன்னது க்ளப். 2016-ல பெர்லின்-பிராண்டன்பர்க் நிதி நீதிமன்றம் க்ளப் பக்கம் நின்னது. 7 சதவீதம்!

2020-ல இன்னொரு வழக்குல, வரி விஷயங்களுக்கான அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே இதைத் தொட்டது. டி.ஜே. அடுத்தவங்க ரெக்கார்டை வெறுமனே ஓடவிடலை, டர்ன்டேபிளையும் மிக்ஸரையும் வாத்தியமா வெச்சுப் புதுசா ஒரு இசையை உண்டாக்குறார்ங்கிற பார்வையைத்தான் தீர்ப்பும் எடுத்துக்கிட்டது. டெக்னோ, ஹவுஸ் நிகழ்ச்சிகளும் கச்சேரியா இருக்க முடியும்னு சொல்லிடுச்சு. மேல நான் சொன்ன அந்த 'மூணாவது பாட்டு' ஞாபகம் இருக்கா? அதுக்குக் கிடைச்ச தீர்ப்பு இது.

அப்புறம் மரியாதைகள் வரிசையா வந்தது. 2021-ல ஜெர்மன் நாடாளுமன்றம், இசை க்ளப்புகளைச் சூதாட்ட விடுதிகளோட சேர்த்து வைக்காம கலாசார இடங்களா நடத்தணும்னு தீர்மானம் போட்டது. 2024-ல பெர்லின் டெக்னோ கலாசாரம், அந்த நாட்டோட யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல ஏறியது. சிகாகோவுலயும் அப்படித்தான். 2004-ல ஒரு தெருவுக்கு ஃப்ராங்கி நக்கிள்ஸ் பேர் வெச்சாங்க. அவர் 2014-ல இறந்துட்டார். 2023-ல வேர்ஹவுஸ் கட்டடத்தை நகரத்தோட பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க.

இதோட 'சுபம்' போட எனக்கும் ஆசைதான். ஆனா அதே 2024 கடைசியில, பெர்லின் ஸ்ப்ரே ஆத்தங்கரையில 22 வருஷமா ஹவுஸும் மினிமலும் வளர்த்த 'வாட்டர்கேட்' க்ளப் மூடிடுச்சு. வாடகை, ஏறின செலவு, மாறிப்போன சூழல். க்ளப்புகள் ஒண்ணொண்ணா சாகிறதுக்கு ஜெர்மன் மொழியில ஒரு தனி வார்த்தையே உண்டு. காலி இடத்துல பிறந்த இசை அந்த ஏரியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேர் வந்ததும் வாடகை ஏறுச்சு. ஏறின வாடகை இசையை வெளியே தள்ளுச்சு. இதுதான் என்னை ரொம்ப உறுத்துற விஷயம். பட்டியல்ல பேரை எழுதிட்டா மட்டும் ஒரு கலை பொழைக்காது. விடிய விடிய திறந்திருக்கிற ஒரு ரூம் வேணும். கூட்டம் சேர்ற வரைக்கும் பொறுமையா வாடகை கேட்கிற ஒரு ஓனர் வேணும். 'அடுத்து என்ன, அடுத்து என்ன'ன்னு விரட்டாத காதுகள் வேணும். முதல் ரெண்டும் நம்ம கையில இல்லை. மூணாவது இருக்கு.

காது பத்திரம் பாஸ்!

பேசினது எல்லாம் காதைப் பத்தி. அதனால ஒரு குட்டி எச்சரிக்கை. 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம்னு ஒரு பாதுகாப்புக் கணக்கு இருக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2... இப்படியே போனா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம்தான். இசை அரங்குகள்ல 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் 2022-ல சொல்லியிருக்கு. எந்த ஊர் ஸ்பீக்கர் முன்னாடி நின்னாலும் பஞ்சு மாதிரி இருக்கிற இயர் ப்ளக்கை மாட்டுங்க. நடுநடுவுல வெளியே வந்து காதுக்கு ரெஸ்ட் கொடுங்க. போன காது திரும்பி வராது. அரியர் மாதிரி இல்லை, திரும்ப எழுத முடியாது!

ஹோம்வொர்க்

இந்த வாரம் ஒரு ராத்திரி, ரூம்மேட் தூங்கினதுக்கு அப்புறம், ஹெட்போனை மிதமான சத்தத்துல வெச்சுக்கோங்க. முதல்ல லாரி ஹர்ட்டோட 'கேன் யூ ஃபீல் இட்', பாட்டு இல்லாத வெறும் இசை வடிவம். பேஸை மட்டும் பின்தொடர்ந்து போங்க. அடுத்து ராபர்ட் ஹூட்டோட 'மினிமல் நேஷன்'ல ஏதாவது ஒண்ணு. எதெல்லாம் இல்லைன்னு எண்ணுங்க. மூணாவதா, யாராவது ஒரு டி.ஜே.யோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற டீப் ஹவுஸ் செட். இதுதான் பரீட்சை. நகர்த்தக் கூடாது, தாவக் கூடாது. ஒரு ட்ராக் எங்கே முடிஞ்சு அடுத்தது எங்கே ஆரம்பிக்குதுன்னு ஒரு பேப்பர்ல நேரத்தைக் குறிங்க.

பாதி இடத்துல பேனா தயங்கி நிக்கும். அந்தத் தயக்கம் எங்கெங்கே வந்ததோ, அங்கெல்லாம் ஒருத்தர் வாசிச்சுட்டு இருந்திருக்கார்.

அடுத்த வாரம் பார்ப்போம். அது வரைக்கும்... காது கொடுங்க பாஸ்!